ஹேண்டிகேம் படத்தில் புள்ளியும் கோடும்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த ஹேண்டிகேம், 2011 வாக்கில் வாங்கியது, ஏவிசிஎச்டி வகை (எச்டி படத்தைச் சுருக்கிப் பதிவுசெய்யும் ஒரு முறை). தீபாவளிக்கு வீட்டுக் கூடத்தில் எடுத்த படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, முகங்கள் இருட்டடித்திருக்கின்றன, கோடு கோடாக வேறு வருகிறது. அதே கூடத்தில் போனில் எடுத்தது இதைவிடத் தெளிவு. அடுத்த மாதம் தங்கைக்கு வீட்டிலேயே வளைகாப்பு. எந்த செட்டிங்கை மாற்றினால் படம் நன்றாக வரும், அல்லது 50,000 ரூபாய் போட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறை கேமராவிலா, கூடத்திலா என்பதுதான் இதில் அடிப்படைக் கேள்வி. என் கணிப்பில் முக்கால்வாசி கூடத்தில்.

நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுத்தே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். தொழிலுக்குள் வந்தது லைட் பாயாக. தோளில் வைக்கும் விஎச்எஸ் கேமராவுக்குப் பக்கத்தில் ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. பெண்ணுக்கு வியர்த்து மேக்கப் கரையும், பெரியவர்கள் "அந்த லைட்ட அணைப்பா" என்று திட்டுவார்கள். ஆனால் அந்த விளக்கு இருந்த வரைக்கும் அந்தப் பழைய கேமராவிலும் முகம் பளிச்சென்று வந்தது. ஓரத்து வரிசைக்கு கேபிள் எட்டாமல் எடுத்த பகுதியை இன்று போட்டுப் பார்த்தால் ஆள் யாரென்றே தெரியாது. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பதில் முழுக்க இந்த அனுபவத்திலிருந்து வருவது. கேமராவைப் பிரித்துச் சரிபார்க்கும் மெக்கானிக் அல்ல நான். உங்கள் படத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் எங்கே உறுதியாகச் சொல்கிறேன், எங்கே ஊகிக்கிறேன் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

புள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்து வீட்டு ஹேண்டிகேமில் படத்தை வாங்கும் சென்சார் பெரும்பாலும் கால் அங்குல வகை, அதைவிடச் சின்னதும் உண்டு. அதாவது ஒரு துவரம்பருப்பை விடச் சிறியது. ஃபுல் எச்டி படம் என்றால் அந்தத் துளி இடம் 20 லட்சம் கட்டங்களுக்குப் பங்கு போகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் சொற்பம். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். இரவில் டியூப் லைட் போட்ட கூடத்தில் நூறு, நூற்றைம்பது இருந்தால் அதிகம். ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்குதான் தேறும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது தெரிவதில்லை. கேமரா என்ன செய்யும்? வந்த கொஞ்ச சமிக்ஞையை மின்சாரத்தால் பெருக்கும். இதற்குத்தான் கெயின் என்று பெயர். 6 டெசிபெல் கூட்டினால் இரண்டு மடங்கு, 18 கூட்டினால் எட்டு மடங்கு. அந்தக் காலத்தில் ரேடியோவில் இலங்கை வானொலி மெல்லியதாகக் கேட்கும்போது வால்யூமைத் திருகினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் கூடுமே, அதேதான் இங்கே புள்ளியாகத் தெரிகிறது. பெட்டியின் மேல் "3 லக்ஸ்" என்று போட்டிருப்பார்கள். 3 லக்ஸில் ஏதோ ஒன்று பதிவாகும் என்பதுதான் அதற்கு அர்த்தம், பார்க்கிற மாதிரி பதிவாகும் என்று அல்ல.

போன் ஏன் நன்றாக எடுக்கிறது என்றால், இன்றைய போன்களில் பலவற்றின் முதன்மை கேமராவில் சென்சாரே உங்கள் ஹேண்டிகேமைவிடப் பெரியது. லென்ஸ் வாயும் அகலம். அதற்கு மேல் உள்ளே இருக்கும் சிப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டே எடுக்கிறது. அதனால் இரவில் கூடத்தில் பொதுவான அகலக் காட்சிக்குப் போன்தான் மேல். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஹேண்டிகேம் ஜெயிக்கும் இடம் வேறு: உண்மையான லென்ஸ் ஜூம், சூடாகாமல் ஒன்றரை மணி நேரம் விடாமல் எடுப்பது, இடையில் யாரும் கூப்பிட்டுப் படம் நின்றுபோகாதது. வளைகாப்புக்கு இந்த மூன்றும் வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வேலை வெளிச்சத்தை ஏற்பாடு செய்வது. அதில் மலிவானது ஜன்னல். நம் பக்கம் வளைகாப்புப் பெண்ணைப் பெரும்பாலும் கிழக்கு பார்த்துத்தான் உட்காரவைப்போம். உங்கள் கூடத்தில் கிழக்கே ஜன்னலோ வாசலோ இருந்து, நல்ல நேரமும் காலையில் அமைந்தால், வேலையில் பாதி முடிந்தது. வெளிச்சம் நேராக முகத்தில் விழும், கேமரா ஜன்னலுக்கு முதுகு காட்டி, சற்றுப் பக்கவாட்டில் நிற்கும். வெயில் நேராக உள்ளே அடித்தால் கன்னம் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்துவிடும். அதற்கு ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பில் ஜன்னலில் கட்டுங்கள், வெளிச்சம் பரவி மெத்தென்று வரும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள், நிழல் விழுந்த கன்னத்துக்கு அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சினிமா ஷூட்டிங்கில் பெரிய அளவில் செய்வதும் இதுதான். செய்யக் கூடாத ஒன்றே ஒன்று, ஜன்னலுக்கு முன்னால் பெண்ணை உட்காரவைத்து, ஜன்னலும் தெரிகிற மாதிரி எடுப்பது. கேமரா ஜன்னலைப் பார்த்து அளவெடுத்து முகத்தைக் கரியாக்கிவிடும். தீபாவளிப் படத்தில் முகங்கள் இருண்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பின்னால் சீரியல் செட்டோ பிரகாசமான விளக்கோ ஃபிரேமுக்குள் இருந்ததா என்று போட்டுப் பாருங்கள்.

மாலையில்தான் விசேஷம் என்றால் விளக்குதான் வழி. கூரையில் இருக்கும் விளக்கு மட்டும் போதாது. அது தலைக்கு மேலிருந்து அடித்துக் கண்குழியில் நிழலைக் கட்டிவிடும். இரண்டு எல்இடி விளக்குகளை ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வைத்து, நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைச் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பும்படி திருப்புங்கள். உள்ளூர் ஸ்டுடியோவில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும், விலைக்கு வாங்கத் தேவையில்லை. சுவர் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும், அப்போது தெர்மோகோலில் பட்டுத் திரும்பவிடுங்கள். விளக்குக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் பெரிய விஷயம். பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் நான்கு பல்பு வாங்குவதற்கு முன்னால் இருப்பதை நான்கு அடி கிட்டே கொண்டுவந்து பாருங்கள்.

நிறத்தைப் பற்றி இரண்டு வரி. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6500 கெல்வின் (விளக்கின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை விளக்கு, அது பகல் வெளிச்சத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். மஞ்சள் பல்பு 3000 பக்கம். இரண்டையும் கலந்தால் கேமராவின் தானியங்கி வொயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் வசதி, நடுவில் நின்று தடுமாறும், ஒரு முகம் நீலமாகவும் ஒரு முகம் மஞ்சளாகவும் வரும். ஒரே வகை விளக்காக வைத்துக்கொண்டு, பெண் உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வொயிட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள். சந்தனமும் குங்குமமும் பட்டுப்புடவையும் அப்போதுதான் அதன் நிறத்தில் இருக்கும்.

இனி கோடு. நீங்கள் சொன்னதில் எனக்கு முழுசாகத் தெளிவில்லாத இடம் இதுதான். "கோடு" என்று மக்கள் சொல்வதில் குறைந்தது மூன்று வேறு வியாதிகள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. விளக்கு ஃபிரேமில் வரும்போது மட்டும் அதிலிருந்து மேலும் கீழுமாக ஒரு பளிச்சுக் கோடு நீண்டால், அது சிசிடி என்கிற பழைய வகை சென்சாரின் குணம், விளக்கை ஃபிரேமிலிருந்து விலக்குவதுதான் வழி. 2011 கேமராவின் சென்சார் பெரும்பாலும் சிமாஸ் என்கிற அடுத்த வகையாக இருக்கும் என்பதால் இது உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டாவது வகையில், கம்ப்யூட்டரில் பார்க்கும்போது மட்டும், அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். இது பழுதே அல்ல. அந்தக் கேமராக்களில் பல, ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாகப் பதிவு செய்பவை. டிவி அதைத் தானே சேர்த்துக் காட்டிவிடும். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டால் போய்விடும்.

மூன்றாவதுதான் உங்களுடையது என்பது என் பலமான ஊகம். படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் நகரும், அல்லது படமே படபடவென்று துடிக்கும், அதுவும் விளக்கு வெளிச்சத்தில் மட்டும். இதற்குக் காரணம் சித்தப்பா. அவர் கொண்டுவந்தது அமெரிக்கக் கேமரா, விநாடிக்கு 60 பாதிப்படம் எடுப்பது, தானாக விட்டால் பெரும்பாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவைத் திறக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் பொருந்திப்போகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 60இல் ஒரு விநாடி திறந்தால் ஒரு படத்துக்குள் விளக்கின் ஒன்றரைச் சொச்சம் துடிப்பு மாட்டும், அடுத்த படத்தில் வேறொரு பகுதி மாட்டும். அதுதான் பட்டையாக ஓடுகிறது. ஷட்டரை 100இல் ஒரு விநாடி என்று கையால் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் சரியாக ஒரு முழுத் துடிப்பு விழும், பட்டை நிற்கும். இங்கே விற்கும் கேமரா 50இல் ஒரு விநாடியில் ஓடுவதால் எங்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொடுத்த கேமராக்களில்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. 60இலிருந்து 100க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சத்தில் பத்தில் நான்கு பங்கு போய்விடும், புள்ளி கூடும். ஆக மறுபடியும் விளக்குக்கே வந்து நிற்கிறோம். இன்னொன்று, வீட்டு ஹேண்டிகேம்களில் பலவற்றில் ஷட்டரைக் கையால் மாற்றவே வழி இருக்காது. மெனுவில் மேனுவல் பகுதியிலோ, லென்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகியிலோ ஷட்டர் ஸ்பீடு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேமராவை விட்டுவிட்டு விளக்கை மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் எல்இடி பேனலில் மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் கிடையாது, அதனால் அந்தப் பட்டை வராது. ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகியைத் திருப்பினால் சில மலிவான பேனல்கள் வேறு விதமாகத் துடிக்கும், முழு வெளிச்சத்தில் வைத்துத் தள்ளி நிறுத்துங்கள். கரன்டில் ஓடும் பல்புகளிலும் உள்ளே நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சர்க்யூட்) இருந்தால் துடிப்பு இருக்காது. கடையிலேயே சோதிக்கலாம்: போனில் ஸ்லோமோஷன் போட்டு எரியும் பல்பைக் கிட்டத்தில் எடுத்துப் பாருங்கள். மினுக்கினால் வேண்டாம், ஆடாமல் எரிந்தால் வாங்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் இந்தக் கதையே தேவையில்லை. சூரியனுக்கு ஹெர்ட்ஸ் கிடையாது.

ஜூமைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, வீட்டுப் படங்கள் அதில்தான் கெடுகின்றன. உங்கள் லென்ஸைச் சுற்றி 1.8 முதல் 3.4 என்கிற மாதிரி இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதலாவது அகலமாக எடுக்கும்போது, இரண்டாவது முழுக்க ஜூம் செய்தபோது. எண் கூடினால் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறைகிறது என்று அர்த்தம். அந்த இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும். கூடத்தின் மூலையில் நின்று ஜூம் போடுவதற்குப் பதிலாக நான்கு எட்டு முன்னால் போனால் புள்ளி தானாகக் குறையும். வளையல் அடுக்கும் கையைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமா, பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று மெனுவில் இருக்கும், அதை அணைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

ஸ்டாண்டில் வைத்து எடுப்பது ஆட்டத்துக்காக மட்டுமல்ல. ஏவிசிஎச்டி வகைக் கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுசாகச் சேமிப்பதில்லை, முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறது. கை ஆடினால் படம் முழுக்கவே மாறுகிறது, இருக்கும் இடத்தை அதற்கே செலவழித்து முகத்தின் நுணுக்கத்தை விட்டுவிடுகிறது. புள்ளியும் அப்படித்தான், ஒவ்வொரு படத்திலும் புதிது புதிதாக வருவதால் கேமரா அதையும் மெனக்கெட்டு எழுதுகிறது. ஸ்டாண்ட் இல்லையென்றால் கேமராவின் அடித் திருகு துளைக்குப் பொருந்தும் கால் அங்குல போல்ட்டில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக் கயிறு விறைக்கும்படி கேமராவை மேலே இழுத்துப் பிடியுங்கள். போல்ட்டை ஆழமாக முறுக்கிவிடாதீர்கள், மூன்று, நான்கு சுற்றுப் போதும்.

மெனுவில் பதிவுத் தரத்தையும் பாருங்கள். இந்த வகைக் கேமராக்களில் விநாடிக்கு 5, 9, 17, 24 மெகாபிட் என்கிற மாதிரிப் படிகள் இருக்கும். கார்டு நிறையாமல் இருக்கட்டும் என்று யாராவது கீழ்ப்படியில் வைத்திருப்பார்கள். 24இல் வையுங்கள். மணிக்கு 11 ஜிபி பக்கம் பிடிக்கும், ஒரு 32 ஜிபி கார்டு உங்கள் விசேஷத்துக்குப் போதும். கேமரா அந்தக் கார்டை ஏற்கிறதா என்று மட்டும் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று, கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது: டிவியில் எந்த வயரில் போட்டுப் பார்த்தீர்கள்? சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் என்றால் நீங்கள் பார்த்தது எச்டி படமே அல்ல. மஞ்சள் வயரில் எச்டி போகாது. எச்டிஎம்ஐ வயரில் போட்டுவிட்டு அப்புறம் கேமராவைத் திட்டலாம். இதே மாதிரி வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும் அது நசுக்கித்தான் அனுப்பும். சித்தப்பாவுக்கு அனுப்புவதென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும்.

முகம் இருண்டு இருண்டு மீள்வதற்கு இன்னொரு காரணம் வேட்டி. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைத் தானியங்கியில் விட்டுவிட்டால், வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறுக்கே போனதும் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று முடிவுசெய்து படத்தை இருட்டாக்கும், அவர் போனதும் திரும்பும். ஸ்பாட் மீட்டர் (தொட்ட இடத்தை மட்டும் வைத்து வெளிச்சத்தை அளப்பது) இருந்தால் திரையில் பெண்ணின் முகத்தைத் தொட்டுப் பூட்டிவிடுங்கள். ஃபோகஸையும் அப்படியே. முழு ஜூமில் முகத்தைத் தெளிவாக்கிப் பூட்டி, அப்புறம் அகலமாக்கிக்கொண்டால் இடையில் தேடித் தேடி மங்காது.

கேமரா சில வருஷம் பீரோவில் கிடந்ததா? முன் லென்ஸில் விரல்ரேகை இருந்தாலே விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி தெரியும். ஊதி, மெல்லிய லென்ஸ் துணியால் துடையுங்கள், முந்தானையால் வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்து உள்ளே சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. அதைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும், இவ்வளவு பழைய கேமராவுக்கு அந்தச் செலவு கட்டாது.

தீபாவளிப் படத்தைச் சரிசெய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவுதான். எடிட்டிங் மென்பொருளில் புள்ளியைக் குறைக்கலாம், கூடவே தோலின் நுணுக்கமும் போய் முகம் மெழுகு பூசினாற்போல ஆகும். செயற்கை நுண்ணறிவில் தெளிவாக்கித் தருகிறோம் என்பவை சில சமயம் நன்றாகவே செய்கின்றன, ஆனால் இல்லாத நுணுக்கத்தை அவை தாமாகக் கற்பனை செய்து நிரப்புகின்றன. பாட்டியின் முகம் வேறு யாரோ பாட்டியின் முகமாகி நான் பார்த்திருக்கிறேன். அசல் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

புதுக் கேமரா வாங்கும் யோசனையை வளைகாப்பு முடியும் வரை தள்ளிப்போடுங்கள். 50,000 ரூபாய்க்கு வீட்டு வகை ஹேண்டிகேமே வாங்கினால் சென்சார் பெரிதாக மாறியிருக்காது, அதே கூடத்தில் அதே புள்ளிதான் வரும். லென்ஸ் மாற்றும் கேமரா வாங்கினால் படம் நிச்சயம் மேம்படும், ஆனால் ஒரு மாதத்தில் அது கைக்குப் பழகாது, ஃபோகஸ் தப்பியே பாதிப் படம் போகும். இருப்பதை வைத்து இப்படிச் செய்யலாம்: போனை ஒரு ஸ்டாண்டில் அகலக் காட்சிக்கு நிறுத்துங்கள், விநாடிக்கு 30 அல்லது 60 படம் என்று வையுங்கள், 25 வேண்டாம், அப்போதுதான் அமெரிக்கக் கேமராவின் படத்தோடு தடுக்காமல் ஒட்டும். சார்ஜரும் மாட்டி, ஏரோபிளேன் மோடும் போட்டுவிடுங்கள். ஹேண்டிகேமோடு நீங்கள் கிட்டே இருங்கள்.

விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால், அதே நேரத்தில், அதே நாற்காலியில் வீட்டில் யாரையாவது பட்டுப்புடவை கட்டி உட்காரவைத்து ஐந்து நிமிஷம் எடுங்கள். முதலில் கூரை விளக்கு மட்டும், அப்புறம் ஜன்னல், அப்புறம் ஸ்டாண்ட் விளக்கு என்று மாற்றி மாற்றி எடுத்து எச்டிஎம்ஐ வயரில் டிவியில் பாருங்கள். அதற்கு மேலும் பட்டை ஓடினால் கேமராவின் மாடல் எண்ணையும், பட்டை தெரியும் இடத்தில் நிறுத்தி எடுத்த ஒரு படத்தையும் இங்கே போடுங்கள், அந்த மாடலில் ஷட்டர் மெனு எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்கிறேன்.